விட்டுப் போனவனுக்கு ஏன் பைத்தியப் பட்டம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 9

நல்ல வேலை, வீடு, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய் வாழ்கிறவனை ஊர் ஏன் உடனே பைத்தியம் என்கிறது? பயம்தான் காரணம் என்கிறேன் நான். அவன் நிம்மதியாக இருந்துவிட்டால் நாம் ஓடுகிற ஓட்டத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுமே என்ற பயம். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 9, இரவு 10.40

மறுக்கிறேன். பயம் என்பது விட்டுப் போனவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வசதியான கதை. நானும் கொஞ்ச காலம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். 2013இல் சென்னையில் பார்த்த மென்பொருள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, திருவண்ணாமலையில் 14 மாதம் இருந்தேன். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை, வாடகை 2,500 ரூபாய். என்னைப் பார்த்து அங்கே ஒருவரும் பயந்ததாகத் தெரியவில்லை. பாவம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன பிரச்சனை?" காதல் தோல்வியா, கடனா, உடம்புக்கு ஏதாவதா, ஆபீசில் சண்டையா. நான் "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அந்தப் பதில்தான் கோளாறு. காதல் தோல்வி என்று சொல்லியிருந்தால் இரண்டு இட்லி கூட வைத்து, "எல்லாம் சரியாயிடும் தம்பி" என்று முடித்திருப்பார்கள். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் நிரப்பினார்கள். கையில் தயாராக இருந்த சொல் அது ஒன்றுதான்.

ஜனவரி 9, இரவு 11.15

எழுத மறந்தது. வீட்டுக்காரர் முதலில் 3 மாத அட்வான்ஸ் கேட்டார். வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னதும் 6 மாதம் ஆக்கிவிட்டார். கிறுக்கனாக இருப்பதற்கும் முன்பணம் கட்ட வேண்டும்.

ஜனவரி 11

"திருவண்ணாமலையில் இருந்துவிட்டு ரமணரை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர் இடித்திருக்கிறார். விடவில்லை, தள்ளிப் போட்டேன். அவர் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே அதன் நடுப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை.

16 வயதுப் பையன். மதுரையில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவன், அண்ணனுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய 5 ரூபாயை எடுத்துக்கொண்டு ரயிலேறி, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்கிறான். தலையை மழித்துக்கொண்டு, கையில் மிச்சம் இருந்த காசை அய்யங்குளத்தில் வீசிவிட்டு, ஆயிரங்கால் மண்டபத்தில் போய் உட்காருகிறான். பேச்சு கிடையாது. ஊர்ப் பையன்கள் கல்லால் அடித்தார்கள். அடிக்குத் தப்பித்தான் பாதாள லிங்கம் இருக்கிற அந்த இருட்டுக் குழிக்குள் போனது. அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின.

ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த ஊரில் அதற்கு முன்பே சேஷாத்ரி சுவாமிகள் இருந்தார். கடைக்குள் நுழைந்து சாமானை எடுத்து வீசுவார். பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே, அவர் கை பட்டால் வியாபாரம் கூடும் என்று கடைக்காரர்கள் காத்தும் இருந்தார்கள். இந்தப் பையனைப் பிள்ளைகள் "சின்ன சேஷாத்ரி" என்று கூப்பிட்டுத்தான் கல் எறிந்தார்கள். அதாவது ஏற்கெனவே ஒரு கிறுக்கு இருக்கிறது, இது இரண்டாவது. பாதாள லிங்கத்தில் இவரைக் காபந்து பண்ணப் பார்த்தவரும் அந்த முதல் கிறுக்குதான்.

சரி, கல் எப்போது நின்றது? அவர் மாறியதால் நிற்கவில்லை, அவர் அப்போதும் அப்படியேதான் இருந்தார். சோறு கொடுக்க நாலு பேர், பையன்களை விரட்ட இரண்டு பேர் சேர்ந்ததும் நின்றது. 1907இல் கணபதி முனி என்ற சம்ஸ்கிருதப் பண்டிதர் வந்து ரமண மகரிஷி என்று பெயர் வைத்த பிறகு பேச்சே இல்லை. கோவணம் அதே கோவணம், ஆள் அதே ஆள், பெயர் மட்டும் வேறு.

ஜனவரி 11, மாலை

திருத்தம். 5 ரூபாயையும் எடுத்துக்கொண்டார் என்று எழுதியது தப்பு. எடுத்தது 3. மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தன் தகப்பனைத் தேடிப் போவதாகவும், யாரும் வருத்தப்பட வேண்டாம் என்றும், தேடுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. "நான்" என்று தொடங்கும் சீட்டு பாதியில் "இது" ஆகிவிடும். அடியில் கையெழுத்து இல்லை, வெறும் கோடு. அதற்கும் கீழே, அண்ணனுடைய கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கணக்கு.

பக்திப் பேச்சாளர்கள் "இது" என்ற சொல்லில் ஒரு மணி நேரம் நிற்பார்கள். எனக்கு அந்த 2 ரூபாய்தான் பெரிதாகப் படுகிறது. எல்லாவற்றையும் விட்டுப் போகிறவன் பாக்கியை எழுதி வைத்துவிட்டுப் போகிறான்.

ஜனவரி 14

பொங்கலும் அதுவுமாக இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு வீட்டில் எனக்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள்.

சொற்களைப் பற்றி ஒரு துணுக்கு. பித்து, பித்தன் எல்லாம் பித்தத்தில் இருந்து வந்தவை. பைத்தியம் என்பதற்கும் அடி அதுதான். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றால் உடம்பில் ஏதோ கூடிவிட்டது என்று பொருள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தால் இறங்கிவிடும். லூசு, மரை கழன்றவன் என்பதெல்லாம் மில்லும் மோட்டாரும் வந்த பிறகு பிறந்த சொற்கள். இயந்திரத்தில் இருந்து ஓர் உருப்படி கழன்று வந்துவிட்டது. கீழ்ப்பாக்கம் இன்னொரு வகை. மனநல மருத்துவமனை 1871 முதல் அங்கே இருக்கிறது என்பதற்காக ஒரு பேட்டையின் பெயரே வசவாகிவிட்டது. அங்கே குடியிருக்கிறவர்கள் பாவம், முகவரி சொன்னதும் எதிராளி சிரிப்பான்.

கடவுளுக்கே இந்தப் பட்டம் உண்டு. சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, இவன் எனக்கு அடிமை என்கிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர் "பித்தனோ" என்று திட்டுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் போய், கிழவர் பக்கம் தீர்ப்பாகி, வந்தவர் சிவன் என்று தெரிந்து, என்ன பாடுவது என்று சுந்தரர் திகைத்தபோது, திட்டினாயே, அதையே வைத்துப் பாடு என்கிறார். அப்படித்தான் "பித்தா பிறைசூடீ". அங்கே ஊரைக் கலைத்தவர் கிழவர். நின்றுபோனது கல்யாணம். நடுவில் விட்டுப்போன அந்த மணப்பெண்ணைப் பற்றி நாம் பாடுகிறோமா?

ஜனவரி 17

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று: தூரம்.

ரமணர் மதுரையில் போய் உட்காரவில்லை. அவரைக் கூப்பிட வந்த சித்தப்பாவும், 1898இல் வந்து அழுத அம்மாவும் வெறுங்கையோடு திரும்பினார்கள், சரி. ஆனால் அதே மதுரையில், அதே தெருவில் கோவணத்தோடு நின்றிருந்தால்? பட்டினத்தார் கதையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகர். சொத்தை உதறிவிட்டு அதே ஊரில் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறார். தமக்கைக்குத் தாங்கவில்லை. குடும்ப மானம் போகிறது என்று அப்பத்தில் விஷம் வைத்துக் கொடுக்கிறாள். "தன்வினை தன்னைச் சுடும், வீட்டப்பம் ஓட்டைச் சுடும்" என்று அவர் அப்பத்தைக் கூரையில் செருக, வீடு பற்றி எரிகிறது.

இதைத் தமக்கையின் கொடுமை என்று சிறு வயதில் கேட்டேன். இப்போது கேட்டால் அந்த அம்மாள் தினமும் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அசலூரில் பிச்சை எடுத்தால் துறவி, சொந்த ஊரில் எடுத்தால் தலைகுனிவு. விஷம் வைத்ததை நியாயப்படுத்தவில்லை. (அப்படி ஒருவர் கேட்டுவிட்டார், அதற்காகச் சொல்கிறேன்.)

ஜனவரி 20

இவ்வளவு சுற்றியது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா. திருச்சிப் பக்கம் காவிரிக்கரை ஊர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 1999இல், 44 வயதில், 18 வருட சர்வீசோடு வேலையை ராஜினாமா செய்தார். இன்னும் 2 வருடம் இருந்திருந்தால் விருப்ப ஓய்வு வாங்கிப் பென்ஷனோடு வந்திருக்கலாம். ராஜினாமா என்றால் பென்ஷன் கிடையாது. அரசு வேலையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, படிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். என் அப்பா டீக்கடையில் வைத்தே சொன்னார்: "பென்ஷனை விட்டவன் பைத்தியக்காரன் இல்லாம வேற யாரு?"

எங்கும் போகவில்லை அவர். வீட்டில் இருந்து 2 கிலோமீட்டரில் எங்கள் வாழைத்தோட்டம். அதில் ஒரு மோட்டார் ரூம். கதவுக்குப் பக்கத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி, மூலையில் பழைய கிரீஸ் டப்பா, சுவரில் மண்வெட்டி மாட்டிய ஆணி. அங்கே ஒரு நார்க்கட்டிலைப் போட்டுக்கொண்டார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி. வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று வண்டிச் சாவியை டிவி மேல் வைத்துவிட்டு நடந்து போனாராம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பகலில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசினால் பேசுவார், தெளிவாகவே பேசுவார்.

குணசீலத்துக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லை என்றால் முதலில் அங்கேதான், பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள். பூஜை முடிந்ததும் தீர்த்தத்தை முகத்தில் அடிப்பார்கள். சித்தப்பா மறுக்கவில்லை. 48 நாளும் இருந்து, தீர்த்தம் வாங்கிக்கொண்டு, கூட இருந்தவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுத்துவிட்டு, நேராக மோட்டார் ரூமுக்குத் திரும்பினார்.

அப்புறம் திருச்சியில் ஒரு டாக்டர். எனக்கு அப்போது 13 வயது, பிளாஸ்க் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், 100இல் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 18 வருடம் பேரேடு எழுதிய மனிதர். 93, 86, 79 என்று 2 வரைக்கும் மூச்சு விடாமல் போய் நின்றார். ஏன் வேலையை விட்டீர்கள் என்றதற்கு, "போதும்னு தோணுச்சு" என்றார். வெளியே சித்தியிடம் டாக்டர், "இவருக்கு நோய்னு எழுத எனக்கு ஒண்ணும் கிடைக்கலம்மா" என்றார்.

சித்தியின் முகம் விழுந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நல்ல செய்திதானே, ஏன் இப்படி ஆகிவிட்டார் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 21

"இதே இடத்தில் சித்தி போயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். பைத்தியம் என்று சொல்லியிருக்க மாட்டோம். ஓடிப்போனவள் என்றிருப்போம். விட்டுப் போகிற பெண்ணுக்குப் பைத்தியம் என்ற மரியாதைகூடக் கிடையாது. காரைக்கால் அம்மையார் அழகு, இளமை, சதை எல்லாவற்றையும் உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே நடக்க முடிந்தது. அங்கேயும் முதலில் விட்டுப் போனவன் புருஷன். பயந்துபோய்ப் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவனை யாரும் எதுவும் சொன்னதாகக் கதையில் இல்லை. ஔவையும் கிழவி ஆன பிறகுதானே ஊர் ஊராகப் போகிறாள்.

ஜனவரி 25

கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது. மேலே இருப்பதைப் படித்தால், பைத்தியம் என்று யாருமே கிடையாது, எல்லாம் ஊர் வைத்த பெயர் என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. இல்லை.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் அழுக்கு வேட்டியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு ஒருவர் நடந்தால், பின்னாலேயே பத்துப் பேர் நடப்பார்கள். குடித்துவிட்டுப் போட்ட டீ கிளாசைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். நான் இருந்தபோது ஒருவர் காலில் சீழ் வைத்திருந்தது. சித்தர் என்று பழமும் துண்டும் கொடுத்தவர்கள் நிறையப் பேர், காலைக் கழுவிக் கட்டுப்போட ஆள் இல்லை. நானும் கட்டவில்லை, பழம்தான் கொடுத்தேன். கல் எறிந்த பையன்களுக்கும் காலில் விழுந்த எங்களுக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை. இரண்டு கூட்டமுமே அந்த ஆளிடம் "என்ன வேணும்?" என்று கேட்கவில்லை.

உண்மையிலேயே நோய் வந்தவர்களை என்ன செய்தோம் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1851இல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்ற டாக்டர், எஜமானனிடம் இருந்து தப்பி ஓடுவது அடிமைகளுக்கு வருகிற ஒரு மனநோய் என்று பெயர் வைத்தே எழுதினார். சோவியத் அரசு 1970இல் ஜோரெஸ் மெத்வதேவ் என்ற உயிரியலாளரை மனநல மருத்துவமனையில் 19 நாள் அடைத்து வைத்தது. அரசை விமர்சித்து எழுதியதைத் தவிர வேறு நோய் அவருக்கு இல்லை. நம் ஊரில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, கலாசார, வேலை, அரசியல் மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. வேலை என்ற சொல்லை அதில் சேர்த்தவர் யாரோ, அவர் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 28

விசிறி சாமியார் பற்றிக் கேட்டவருக்கு: யோகி ராம்சுரத்குமார் 1959இல் திருவண்ணாமலை வந்தவர். விசிறி, கொட்டாங்கச்சி, பாத்திரக் கடை வாசல். தன்னைப் பிச்சைக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். அதற்கு முன் பீகாரில் ஆசிரியர், மனைவி மக்கள் உண்டு. அவர் பெயரைச் சொல்லி உருகுகிறவர்களோடு எத்தனையோ சாயங்காலம் டீ குடித்திருக்கிறேன். பீகார் வீட்டில் அவரை என்னவென்று சொன்னார்கள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. என் வீட்டிலேயே கேட்கவில்லையே.

பிப்ரவரி 2

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் போன் போட்டேன். இப்போது 68 வயது. சித்தப்பா 2011இல் அந்த மோட்டார் ரூமிலேயே போய்விட்டார்.

"சித்தி, அன்னைக்கு டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னப்ப ஏன் உங்க முகம் அப்படி ஆச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சர்டிபிகேட் குடுப்பாருன்னு நினைச்சுத்தான்டா போனேன்" என்றார்.

விஷயம் இதுதான். ராஜினாமா எழுதிய நேரத்தில் மனநிலை சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதை வைத்து அலுவலகத்தில் மனுப் போட்டு ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலை திரும்பக் கிடைக்கும், 2 வருடம் ஓட்டினால் பென்ஷன். அதற்காகத்தான் குணசீலமும். ஊர் அவரைப் பைத்தியம் என்று முதலில் சொல்லவில்லையாம். சித்திதான் சொன்னாராம்.

"யார் யாருகிட்ட என்ன சொன்னேன்னு கேளு" என்று அவரே சிரித்தார். ஆபீசில் மனநிலை சரியில்லை. கூட்டுறவு சங்கத்துக் கடனுக்கு ஆள் வந்தால், அவருக்குச் சித்தம் கலங்கிடுச்சு, கொஞ்சம் பொறுங்க. என் தங்கையை, அதாவது சித்தி மகளை, பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் வேறு: அவர் ஆன்மிகத்துல இறங்கிட்டார், தோட்டத்துலதான் தியானம். பைத்தியம் என்றால் பெண்ணை எடுக்க மாட்டார்கள், சாமியார் என்றால் எடுப்பார்கள். ஒரே ஆள், ஒரே மோட்டார் ரூம். வாசலில் நிற்பது கடன்காரனா சம்பந்தியா என்று பார்த்துச் சித்தி பெயரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்களுக்குள்ள என்னன்னு வச்சிருந்தீங்க?"

"அவருக்கு ஒண்ணும் இல்லடா. எங்களோட இருக்கப் பிடிக்கல. அதை நான் எப்படி வெளியில சொல்றது?"

முதல் நாள் நான் எழுதியதைப் போய்ப் படித்தேன். காரணம் என்ற காலி இடத்தை ஊர் நிரப்புகிறது என்று பெரிதாகச் சொல்லியிருக்கிறேன். காலியாக எங்கே இருந்தது? சித்திக்குக் காரணம் தெரியும். அதை மூடத்தான் அந்தச் சொல் தேவைப்பட்டது. நான் திருவண்ணாமலையில் இருந்த 14 மாதமும் அம்மா பக்கத்து வீட்டில் என்ன சொல்லி வைத்திருந்தார் என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 3

ஒரு திருத்தம், சித்தி சொல்லச் சொன்னது. நேற்று இந்தப் பக்கத்தைத் தங்கை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். வண்டிச் சாவி டிவி மேல் இல்லையாம், பிரிட்ஜ் மேல். சாவிக்கு அடியில் அந்த மாதத்துப் பால் கணக்கு, முந்நூற்றுச் சொச்சம், சில்லறை உட்பட எண்ணி மடித்து வைத்திருந்தாராம்.

ரமணரின் 2 ரூபாய் மாதிரி இருக்கிறதே சித்தி என்றேன்.

"அந்த ஒரு மாசத்துக்குத்தான்டா வச்சிருந்தார்."